பேசியவர்கள்

எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு நான்தான் லீடர்.
சார் வராத பீரியடில்
'பேசியவர்கள்' என்று பலகையில் எழுதிக்
கீழே கோடு போட்டால்
முதல் பெயர் எப்போதும் தனவேல்.
பேசினானோ இல்லையோ.

பசுமைப்படை முகாம், ஐப்பசி கடைசிச் சனிக்கிழமை.
முகத்துவாரத்து மணல்திட்டில் குப்பை பொறுக்கப் போனோம்.
முதல் நடையில் ஏழு பேர்.
சாரையும் மற்றவர்களையும் ஏற்றிவரத் திரும்பிய படகு
வரவில்லை.
மேற்கே எங்கோ கொட்டியிருக்கிறது மழை.
வேலிக்காத்தான் மரமும் செத்த ஆடுமாய்
உப்பனாறு பழுப்பாய்ப் பொங்கி
எங்களுக்கும் கடலூருக்கும் நடுவில் ஓடியது.

எனக்குப் பயமில்லை அப்போது.
நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு தீவுக்கதையை
மூன்று முறை படித்தவன் நான்.
அதில் கரையொதுங்கிய பிள்ளைகள்
தீவுக்குப் பெயர் வைப்பார்கள்
தலைவனைத் தேர்ந்தெடுப்பார்கள்
உடைந்த கப்பலிலிருந்து ரொட்டி மூட்டை மிதந்து வரும்.
எங்களுக்கு மிதந்து வந்தவை
ஒற்றைச் செருப்பு, யூரியா சாக்கு.

பெயர் வைத்தேன்
(இப்போது சொல்லக் கூச்சமாயிருக்கிறது).
கை தூக்கச் சொன்னேன், நானே ஜெயித்தேன்.
தனவேல் தூக்கவில்லை.
மூக்கை உயர்த்திக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இருட்டியது.
ஊர் அங்கேயேதான் இருந்தது, அதுதான் கொடுமை.
துறைமுகத்து விளக்கு எரிந்தது.
முதுநகரில் யாருக்கோ கல்யாணம்,
ரேடியோ செட் பாட்டு வரிவரியாய்க் கேட்டது.
சிப்காட் வாடைகூட நீந்தி வந்தது.
நாங்கள் கத்தியது மட்டும்
போய்ச் சேரவில்லை.

பாட்டிலின் கடைசித் தண்ணீரைச்
சக்கரபாணி திரும்பி நின்று குடித்தான்.
இதயத்துல்லா அவன் குரல்வளையைப் பிடித்தான்.
விலக்கப் போன பூரணி
இரண்டு பேரையும் கடித்தாள்.
நான் என்ன செய்தேன்?
மணலில் விரலால் எழுதினேன்:
அழுதவர்கள்.
அடித்தவர்கள்.
தண்ணீர் திருடியவர்கள்.
கோடு போடுமுன் அலை வந்து
மூன்று தலைப்பையும் நக்கிக்கொண்டு போனது.

"ஏ லீடரு, ஏத்தம் வருது, மேட்டுக்கு ஏறு."
அதுவரை அவன் என்னிடம் பேசியதே இல்லை
என்பது அப்போதுதான் உறைத்தது.

ராவணன்மீசைப் புல் அடர்ந்த மேட்டில்
டிபன் மூடியால் குழி பறித்தான் தனவேல்.
முழங்கை ஆழத்தில் ஊறிய நீர்
கலங்கல், லேசாய் உப்பு.
சட்டையில் வடித்து
முதல் மூடியைச் சக்கரபாணிக்கு நீட்டினான்.
அவன் வாங்கும்போது கை நடுங்கிப் பாதி சிந்தியது.
எனக்குக் கடைசியில் வந்தது.

அடம்புக்கொடிகளை முறுக்கி
ஏழு இடுப்பையும் சேர்த்துக் கட்டினான்.
தண்ணீர் கணுக்கால், பிறகு முழங்கால்.
"யாரும் தூங்கக் கூடாது.
பேசிக்கிட்டே இருங்க."

பேசினோம்.
பதினாறாம் வாய்ப்பாடு. பார்த்த படத்தின் கதை, பார்க்காத படத்தின் கதை.
இதயத்துல்லாவின் அத்தா குவைத்திலிருந்து
எட்டு மாதமாய்க் கடிதம் போடவில்லை.
மரியசெல்வி இன்னும் படுக்கையை நனைக்கிறாள்.
கபிரியேலுக்கு நீச்சல் தெரியாது,
மூன்று தலைமுறையாய்க் கடலோரத்தில் இருந்தும்.
தனவேலுக்குக் கணக்கு பிடிக்குமாம்.
கடைசி பெஞ்சிலிருந்து
பலகைதான் தெரியவில்லையாம்.

விடியலில் சிங்காரத்தோப்புக் கட்டுமரங்கள் மூன்று வந்தன.
முன்னால் நின்றவர் அவன் அப்பா.
கொடியை அறுத்தபோது
எல்லோர் இடுப்பிலும் ஒரே பச்சைக் கோடு.

திங்கட்கிழமை கணக்கு சார் விடுப்பு.
'பேசியவர்கள்' என்று எழுதித் திரும்பினேன்.
வகுப்பில் எறும்பு ஊரும் சத்தம்கூட இல்லை.
அந்த ஐந்து பேரும் என் விரலையே பார்த்தார்கள்.
அவன் ஜன்னலைப் பார்த்திருந்தான்.
வேறு பெயர் எழுதியிருக்கலாம்,
என்னுடையதைக்கூட.
பழகிய கை
'த' போட்டுவிட்டது.
அழிக்க இங்கே அலையும் வராது.

மணி அடித்ததும் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல்
பெஞ்சு மேல் ஏறி நின்றான் தனவேல்.
அங்கிருந்து அவனுக்குப்
பலகை நன்றாகத் தெரிந்திருக்கும்.